பெட்டியின் மூலை திரையில் மூடியிருக்கிறது, கையில் வந்தால் ஏன் திறந்து நிற்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெட்டி 300-க்கு 200, உயரம் 80 மி.மீ., எல்லாம் வெளி அளவு. 1.5 மி.மீ. சிஆர்சிஏ (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகடு. நாலு சுவரின் மேல்விளிம்பிலும் உள்பக்கம் திரும்பிய 15 மி.மீ. லிப். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் மடிப்பின் உள் ஆரம் 1 மி.மீ. வைத்து வரைந்து, மூலையை மூடும் க்ளோஸ்டு கார்னர் கட்டளையில் 0.1 இடைவெளி கொடுத்திருக்கிறீர்கள். திரையில் நூல்கூட நுழையாத மூலை. லேசரில் வெட்டி மடித்து வந்த பத்துப் பெட்டியிலும் மூலைக்கு மூலை 1 மி.மீ. பிளவு, அடியில் ஒரு ஓட்டை, லிப் முனைகளில் ஒன்றோடு ஒன்று முட்டிய தடம். ‘எந்தக் கட்டளையில் என்ன எண் போட்டால் மூலை சரியாக வரும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பிளவு எங்கிருந்து வந்தது, எந்தச் சுவர் எதன்மேல் ஏற வேண்டும், ஓட்டை தேவையா. மூன்றுக்கும் பதில் கட்டளைப் பட்டியலில் இல்லை, மடிக்கிற இடத்தில் இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பழகியவன். அப்போது தகட்டின் மேலேயே ஸ்க்ரைபரால் கோடு கிழித்து, மூலையை நாட்சிங் மெஷினில் வெட்டி எடுப்போம். கேட் (கணினியில் வரைவது) கற்றது அதற்கு அப்புறம். அதனால் எனக்குப் பெட்டி என்றால் முதலில் விரித்த தகடுதான் கண்ணில் தெரியும், நின்ற பெட்டி பிறகுதான். இந்தப் பழக்கம் உங்களுக்கும் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

பிளவிலிருந்து வருவோம். நீங்கள் 1 மி.மீ. ஆரம் கொடுத்தீர்கள். ஆனால் தகடு மடிக்கும் மெஷினான பிரஸ் பிரேக்கில், தகடு வி டையின் (வி வடிவப் பள்ளமுள்ள கீழ்க்கருவி) அடி வரை போய் அமர்வதில்லை. இரண்டு தோள்களில் தாங்கி, நடுவில் பஞ்ச் (மேல்கருவி) அழுத்த, காற்றில் வளைகிறது. அப்படி வளையும்போது உள் ஆரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வியின் வாய் அகலம். சாதாரண இரும்புத் தகட்டுக்கு அது வாய் அகலத்தில் சுமார் 16 சதவீதம். 1.5 தகட்டுக்கு, தடிமனைப் போல எட்டு மடங்கு என்ற வழக்கப்படி, 12 மி.மீ. வி போடுவார்கள். 12-ல் 16 சதவீதம் 1.9. ஆக உங்கள் பெட்டி மடிந்தது ஏறக்குறைய 2 மி.மீ. ஆரத்தில். படத்தில் 1 என்று எழுதியதை மெஷின் படிப்பதில்லை.

இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று கணக்குப் போடலாம். 90 டிகிரி மடிப்பில், மடிப்புப் பகுதி விரிந்த நிலையில் பிடிக்கும் நீளம் (பெண்ட் அலவன்ஸ்) 1.5708 பெருக்கல், ஆரத்தோடு கே ஃபேக்டர் மடங்கு தடிமனைக் கூட்டிய தொகை. கே ஃபேக்டர் என்பது, மடிப்பில் நீளாமலும் குறுகாமலும் இருக்கும் அடுக்கு உள்முகத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்ற எண். அதை 0.44 என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 1 என்றால் அலவன்ஸ் 2.61, ஆரமும் தடிமனும் சேர்ந்ததை இரண்டு மடங்காக்கினால் 5, அதிலிருந்து 2.61 போக டிடக்ஷன், அதாவது வெளி அளவுகளின் கூட்டிலிருந்து ஒரு மடிப்புக்குக் கழிக்க வேண்டியது, 2.39. ஆரம் 2 என்றால் அலவன்ஸ் 4.18, இரண்டு மடங்கு 7, டிடக்ஷன் 2.82. ஒரு மடிப்புக்கு 0.43 வித்தியாசம். உங்கள் பெட்டியில் 300 திசையில் லிப், சுவர், அடி, சுவர், லிப் என்று நாலு மடிப்பு. வெளி அளவுகளின் கூட்டுத்தொகை 490. மென்பொருள் அதில் 9.6 கழித்து 480.4-க்கு விரித்துக் கொடுத்திருக்கும். கழித்திருக்க வேண்டியது 11.3. ஆக தகடு 1.7 மி.மீ. அதிகம்.

இந்த 1.7 எங்கே போய் உட்காரும் என்பதுதான் முக்கியம். மடிப்பவர் முதலில் விளிம்பைப் பேக் கேஜில் (மெஷினின் பின்னாலிருக்கும் அளவுத் தடுப்பு) முட்டவைத்து லிப்பை 15-க்கு மடிக்கிறார், சரியாக வரும். அடுத்து மடித்த லிப்பின் முதுகைப் பேக் கேஜில் முட்டவைத்து 80-க்குச் சுவரை மடிக்கிறார், அதுவும் சரியாக வரும். வெர்னியர் வைத்துப் பார்த்து அவர் திருப்தியாகிவிடுவார். மிஞ்சிய அத்தனையும் நடுவில் இருக்கும் அடித்தகட்டில் சேரும். 300 இருக்க வேண்டியது 301.7 ஆகும். ஆனால் முன் சுவரின் அகலம் மடிப்பால் வந்ததல்ல, லேசர் வெட்டிய அளவு; அது மாறவே மாறாது. பக்கச் சுவர்கள் இரண்டும் ஆளுக்கு 0.86 தள்ளிப்போய்விட்டன, முன் சுவர் அப்படியே இருக்கிறது. 0.86-ஓடு நீங்கள் கொடுத்த 0.1-ஐக் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ அந்த 1 மி.மீ. வந்துவிடும். க்ளோஸ்டு கார்னர் கட்டளை தப்புச் செய்யவில்லை. பெட்டியின் மற்ற எல்லாப் பிழைகளும் வந்து கூடும் இடம் மூலை, அவ்வளவுதான்.

இதில் எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வடிவக் கணக்கு நிச்சயம். பிழை அடித்தகட்டில் சேரும் என்பது, மடிப்பவர் நான் சொன்ன வரிசையில் முட்டவைத்திருந்தால் நிச்சயம். உங்கள் 301.7-ஐ வெர்னியர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும், அளந்து பாருங்கள். கே 0.44 என்பது நிச்சயமில்லை. ஜெர்மன் டிஐஎன் 6935 தரம் தரும் சூத்திரத்தில் 2 ஆரம், 1.5 தடிமனுக்குக் கணக்கிட்டால் அதே கே 0.356 என்று வரும். அப்போது டிடக்ஷன் 3.02. இரண்டு கௌரவமான முறைகளுக்குள்ளேயே மடிப்புக்கு 0.2 வித்தியாசம். நாலு மடிப்பில் 0.8. அதனால் இணையத்தில் ‘சரியான கே ஃபேக்டர் என்ன’ என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். மடித்துக் கொடுப்பவரிடம் உங்கள் வேலைக்குப் போடப்போகும் அதே தகட்டில் 100-க்கு 50 துண்டு ஒன்றை லேசரில் வெட்டி, உங்களுக்குப் போடப்போகும் அதே வியில் நடுவில் 90-க்கு மடித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு காலையும் வெளியே அளந்து கூட்டுங்கள். 51.4-உம் 51.4-உம் வந்தால் மொத்தம் 102.8, அதில் 100 போக 2.8, அதுதான் டிடக்ஷன். சாலிட்வொர்க்ஸில் கே ஃபேக்டருக்குப் பதிலாக பெண்ட் டிடக்ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து இந்த எண்ணை நேராகப் போட்டுவிடலாம். பத்து நிமிட வேலை. துண்டின் தடிமனையும் அளந்துவிடுங்கள்; 1.5 என்று பில் போட்டு வரும் தகடு 1.44 காட்டிய நாட்கள் எனக்கு உண்டு. ‘16 கேஜ்’ என்று வாய்வார்த்தையில் சொன்னால் இன்னும் சிக்கல். பிரிட்டிஷ் கேஜில் அது 1.63, அமெரிக்க எஃகுக் கேஜில் 1.52. மி.மீ. மட்டும் பேசுங்கள்.

சரி, பிளவு அடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சுவர் எதன்மேல் ஏற வேண்டும்? அநேகம் பேர் இதைத் தோற்றம் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எந்தச் சுவர் கடைசியில் மடிகிறது என்று. காரணம் ஸ்பிரிங் பேக். தகட்டை 90-க்கு மடித்து விட்டால் அது கொஞ்சம் திரும்பித் திறக்கும். சிஆர்சிஏவில் ஒரு டிகிரி சொச்சம், ஸ்டெயின்லெஸ்ஸில் இரண்டு மூன்று கூடப் போகும். அதனால் மடிப்பவர் எப்போதும் 90-ஐத் தாண்டி உள்ளே தள்ளித்தான் விடுவார். ஒன்றரை டிகிரி தாண்டினார் என்றால், 80 மி.மீ. உயரச் சுவரின் மேல்முனை 2.1 மி.மீ. உள்ளே போய்த் திரும்புகிறது. திரையில் இந்தப் போய்வருதல் இல்லை.

இப்போது உங்கள் பெட்டியில் 200 நீளமுள்ள பக்கச் சுவர்கள் இரண்டும் முதலில் மடிந்து நிற்கின்றன, 300 நீளமுள்ள முன்பின் சுவர்கள் பிறகு வருகின்றன என்று வையுங்கள். முன் சுவர் பக்கச் சுவர்களின் விளிம்பை மூடும்படி வடிவமைத்திருந்தால், அது 90-க்கு வந்ததுமே பக்கச் சுவரின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். 2.1 மி.மீ. உள்ளே போக இடமில்லை. மடிப்பவர் அழுத்தினால் பக்கச் சுவர் நெளியும். அழுத்தாவிட்டால் சுவர் 88-லோ 89-லோ நிற்கும், மேலே மூலை வாய் திறக்கும். மாறாக, கடைசியில் மடியும் சுவர் முதலில் நிற்கும் சுவர்களுக்கு நடுவே நுழையும்படி வடிவமைத்தால், அது தாராளமாக உள்ளே போய்த் திரும்பி வரும். முதலில் மடிவது வெளியே, கடைசியில் மடிவது நடுவே. மூலையைப் பற்றி ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நடுவே நுழையும் சுவர் இரண்டு பக்கமும் உரசாமல் இருக்க 0.1 போதாது, ஏனென்றால் நிற்கும் சுவர் 90.5-ல் லேசாக உள்ளே சாய்ந்திருந்தாலே 80 உயரத்தில் 0.7 மி.மீ. வந்துவிடும். வெல்டிங் உண்டு என்றால் நான் பக்கத்துக்கு 0.3 வைப்பேன், நிற்கும் சுவரை மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு அடுத்ததை மடிக்கச் சொல்வேன். வெல்டிங் இல்லை, பிளவு தெரிந்தாலும் பரவாயில்லை என்றால் 0.5.

இதற்கு ஒரு விலை உண்டு. நடுவே நுழையும் சுவரை நேராகப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் பக்கச் சுவரின் தடிமன் ஒரு கோடாகத் தெரியும். வாடிக்கையாளர் தினம் பார்க்கும் முகம் அதுவாக இருந்தால் பிடிக்காது. அப்போது மடிக்கும் வரிசையை மாற்றிக் கேட்க வேண்டும், மடிப்பவர் ஒத்துக்கொண்டால். வரிசையைப் படத்திலேயே 1, 2, 3 என்று எழுதிவிடுவது என் வழக்கம். ‘எனக்கே பாடம் எடுக்கிறாயா’ என்று ஒரு மூத்த ஆப்பரேட்டர் சண்டைக்கு வந்திருக்கிறார். பிறகு அவரே, எழுதாத படத்தை வாங்கமாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தார்.

லிப்புக்கு வருவோம். நீங்கள் நாலு லிப்பையும் 45 டிகிரி சாய்த்து, படச்சட்டம் மாதிரி சேர்த்திருக்கிறீர்கள். அழகாக இருக்கும். ஆனால் முன் சுவர் 2.1 மி.மீ. உள்ளே போகும்போது அதன் லிப்பும் கூடவே போகும். அந்தச் சாய்ந்த முனை பக்கத்து லிப்பின் சாய்ந்த முனையை நோக்கி 1.5 மி.மீ. நெருங்கும். நீங்கள் வைத்த இடைவெளி 0.1. முட்டாமல் என்ன செய்யும்? வேடிக்கை என்னவென்றால், அடித்தகடு பெரிதாகிச் சுவர்கள் விலகியதால்தான் உங்கள் லிப்புகள் வெறும் தடத்தோடு தப்பித்தன. டிடக்ஷனைச் சரியாகப் போட்டிருந்தால் இன்னும் மோசமாக முட்டியிருக்கும். ஒரு பிழை இன்னொரு பிழையைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கு இரண்டு வழி. சாய்வு வேண்டும் என்றால் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். சாய்வு இல்லாவிட்டாலும் சரி என்றால், முதலில் மடியும் சுவர்களின் லிப்பை மூலை வரை நீட்டி, கடைசியில் மடியும் சுவர்களின் லிப்பை நேராக வெட்டி அவற்றுக்கு நடுவே நிறுத்துங்கள். அப்போது அது போய்வரும் திசையும் பக்கத்து லிப்பின் விளிம்பும் இணையாக இருப்பதால் முட்டவே முட்டாது, இடைவெளி 0.5 போதும். கதவு கேஸ்கெட் உட்காரும் லிப் என்றால் இரண்டாவதுதான் என் தேர்வு.

லிப் இருப்பதால் இன்னொரு தொல்லையும் வரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பக்கச் சுவர்கள் இரண்டும் லிப்போடு நிற்கும்போது, முன் சுவரை மடிக்கப் பஞ்ச் மேலிருந்து இறங்க வேண்டும். உள்ளே அகலம் 297. இரண்டு லிப்பும் மறைத்தது போக வாய் சுமார் 270 தான். 270-க்குப் பஞ்ச் கட்டினால் மடிப்பின் இரண்டு முனையிலும் பதின்மூன்று பதினான்கு மி.மீ. அழுத்தம் படாமல் போகும். மூலை அங்கேயே பிதுங்கும். இதற்காகத்தான் காது வைத்த பஞ்ச் துண்டுகள் இருக்கின்றன. அடியில் மட்டும் நீண்டு லிப்புக்குக் கீழே நுழையும். 835 மி.மீ. மொத்த நீளத்தில் வரும் பிரித்த பஞ்ச் செட்டில் இடது காது 100, வலது காது 100, மீதி 10, 15, 20, 40, 50, 200, 300 என்று துண்டுகள் இருக்கும். உங்கள் ஆளிடம் இந்தக் காது இருக்கிறதா, 15 மி.மீ. லிப்புக்கும் 80 உயரத்துக்கும் அது போதுமா என்று வரைவதற்கு முன் கேளுங்கள். இல்லை என்றால் லிப்பைக் குறைக்க வேண்டியிருக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: 12 வியில் சுமார் 8.5 மி.மீ.க்குக் குறைந்த விளிம்பு டையின் வாய்க்குள் விழுந்துவிடும், மடியாது.

அடுத்து அந்த ஓட்டை. அது யாரும் செய்த தப்பு அல்ல. ஒரு காகிதத்தை எடுத்து அடுத்தடுத்த இரண்டு ஓரங்களை மேலே மடித்து நிறுத்திப் பாருங்கள். மூலையில் காகிதம் எங்கே போவது என்று தெரியாமல் ஒரு காது மாதிரி மடிந்து நிற்கும். தகடு ஒரு திசையில்தான் சும்மா வளையும். இரண்டு திசையிலும் ஒரே இடத்தில் வளைய வேண்டுமென்றால் உலோகம் இழுபடவோ ஒடுங்கவோ வேண்டும். அது டீப் டிராயிங் (தகட்டை அச்சுக்குள் இழுத்து உருவாக்குவது), வேறு மெஷின், வேறு செலவு. அந்தக் காலத் தகரக் கடைக்காரர்கள் இந்தக் காதை வெட்டவே மாட்டார்கள். அதைச் சுவரோடு சேர்த்துத் தட்டி மடித்து, மேல் விளிம்புச் சுருட்டலுக்குள் சொருகிவிடுவார்கள். பற்றவைக்காமலே தண்ணீர் நிற்கும் தட்டு அப்படித்தான் வந்தது. அரை மி.மீ.க்கும் மெல்லிய ஜிஐ தகட்டில் கைவேலையாக அது முடியும், 1.5-ல் முடியாது. நாம் வெட்டித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது? படத்தில் மடிப்புக்கோடு மெல்லிய கோடாகத் தெரிகிறது. உண்மையில் அது ஒரு பட்டை. 2 ஆரத்தில் விரித்த நிலையில் அதன் அகலம் மேலே வந்த அலவன்ஸ்தான், 4.2 மி.மீ. இரண்டு பட்டைகள் குறுக்கே வெட்டும் இடத்தில் 4.2-க்கு 4.2 சதுரம் ஒன்று உண்டாகிறது. அந்தச் சதுரத்தில் உலோகம் இருக்கக் கூடாது. அதை மொத்தமாக விழுங்க வட்டம் என்றால் 6 மி.மீ. விட்டம் வேண்டும். 1.5 தகட்டில் நான் 4 மி.மீ. வட்டத்தை, இரண்டு மடிப்புக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியை மையமாக வைத்துப் போடுவேன். உள்முனை ஒரு துளி புடைக்கும், கையில் தடவினால்தான் தெரியும். பெட்டி ஸ்டெயின்லெஸ் என்றால் 5. நீங்கள் 1 ஆரம் போட்டதால் மென்பொருள் பட்டை அகலத்தை 2.6 என்று நினைத்துக்கொண்டு சிறிய ரிலீஃப் (மூலையில் விடும் வெட்டு) கொடுத்திருக்கும். ஆக உங்கள் ஓட்டை பெரிதல்ல, உண்மையில் சிறிது. பட்டைக்குள்ளேயே ரிலீஃப் முடிந்துவிட்டால் மூலை கிழியும், அல்லது கொம்பு மாதிரி வெளியே துருத்தும். உங்கள் பெட்டியில் அந்தத் துருத்தல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வட்டமா சதுரமா என்பது வெட்டும் மெஷினைப் பொறுத்தது. லேசரில் வட்டம் இலவசம், கூர்மையான உள்முனை இல்லாததால் விரிசலும் தொடங்காது. டரட் பஞ்ச் மெஷினில் சதுர டூல் எப்போதும் மாட்டியிருக்கும், அங்கே சதுரம் கேளுங்கள். கார்னர் நாட்சிங் மெஷினில் ஒரே அடியில் 90 டிகிரி வெட்டு விழும், அங்கே வட்டத்துக்குத் தனி வேலை. அலுமினியத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 5052 என்ற ரகம் நன்றாக மடியும். 6061 டி6-ஐத் தடிமன் அளவு ஆரத்தில் மடிக்கச் சொன்னால் மூலையிலிருந்து வெடிக்க ஆரம்பிக்கும், எந்த ரிலீஃபும் காப்பாற்றாது.

வெல்டிங் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பவுடர் கோட்டிங் உண்டு என்று எழுதியிருப்பதால் உண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். சுவர்கள் சேரும் விளிம்பில் மூன்று விதம் உண்டு. ஒரு சுவர் மற்றதன் தடிமனை முழுக்க மூடலாம், பாதி மூடலாம், அல்லது உள்முனைகள் மட்டும் தொட்டுக்கொண்டு வெளியே ஒரு பள்ளம் நிற்கலாம். முழுக்க மூடியதைப் பற்றவைத்துக் கிரைண்டிங் செய்தால், வைத்த பற்றில் பாதி தூளாகப் போய்விடும். பள்ளத்துக்குக் கம்பி நிறைய வேண்டும், சூடு ஏறும், மெல்லிய சுவர் நெளியும். 1.5 தகட்டில் ஆர்கான் வெல்டிங்குக்கு என் விருப்பம் பாதி மூடியது. துருத்தும் அரை விளிம்பே உருகிக் கம்பி வேலையைப் பார்த்துக்கொள்ளும், கிரைண்டிங் முடிந்தால் மூலை லேசான உருண்டையாக வரும். இது என் கைப்பழக்கம். பள்ளம்தான் பலம் என்று வாதிடும் வெல்டர்களும் இருக்கிறார்கள், தடித்த தகட்டில் அவர்கள் சொல்வது சரி. உங்கள் கட்டளையில் இது ஓவர்லேப், விகிதம் 0.5. முதலில் மடியும் சுவர் ஏறும் சுவராக இருக்க வேண்டும், அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பிளவைப் பட்டி போட்டு மூடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பவுடர் 180, 200 டிகிரி அடுப்பில் வேகும். சாதாரண பட்டி அதில் வெடித்துவிடும். கோட்டிங் 60, 80 மைக்ரான்தான், அது எந்தப் பிளவையும் மறைக்காது.

வெல்டிங்கே வேண்டாம், மூலையில் சுவரிலிருந்து ஒரு காது (சிறு பட்டை) மடித்து உள்ளே கொடுத்து ஸ்பாட் (புள்ளிப் பற்று) வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்து சூடுபட்டுக்கொண்டேன். அறுபது பெட்டி. பார்க்கச் சுத்தமாக இருந்தது. கோட்டிங்குக்கு முன் அமிலம், பாஸ்பேட் என்று ஏழு தொட்டியில் முக்கி எடுப்பார்கள் அல்லவா, அந்தத் திரவம் காதுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டது. அடுப்பில் சூடேறியதும் நாலு மூலையிலிருந்தும் மஞ்சள் கண்ணீர் மாதிரி வழிந்து, வெள்ளைக் கோட்டிங்கின்மேல் கோடு போட்டது. கோட்டிங் பட்டறையைத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். தப்பு என் படத்தில் இருந்தது. காது வைப்பதென்றால் கீழ்முனையில் திரவம் வடிய வழி விடுங்கள். அடி மூலை ரிலீஃப் ஓட்டையைக் காது மறைக்காமல் விட்டாலே அந்த வேலை நடந்துவிடும்.

மறுபடி வரையும்போது, பெட்டியைத் திடப்பொருளாகச் செய்து குடைந்து பிறகு தகடாக மாற்றும் வழியைவிட, அடித்தகட்டில் தொடங்கி எட்ஜ் ஃப்ளேஞ்சாகச் சுவர்களை ஏற்றும் வழியே மேல். எந்தச் சுவர் எங்கே முடிகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். ஃப்ளேஞ்ச் பொசிஷனில் மெட்டீரியல் இன்சைட் போட்டால் அடித்தகட்டுக்கு வரைந்த அளவே வெளி அளவாக நிற்கும். ஆரத்தை 2 ஆக்குங்கள், டிடக்ஷனைத் துண்டு மடித்து வந்த எண்ணாக மாற்றுங்கள், கார்னர் ரிலீஃபில் வட்டம் 4 கொடுங்கள், கடைசியாக ஃப்ளாட் பேட்டர்னை (விரித்த தகட்டின் படம்) திறந்து நாலு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தும் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: அதன் ஷீட் மெட்டல் வொர்க்பெஞ்சில் விரிக்கும்போது கே மதிப்பை ஆன்சி (அமெரிக்க) முறையிலா டிஐஎன் முறையிலா என்று கேட்கும். டிஐஎன் எண் ஆன்சி எண்ணைப்போல இரண்டு மடங்கு. மாற்றிப் போட்டால் மூலை மட்டுமல்ல, பெட்டியே வேறு அளவில் வரும்.

நான் சொன்ன எண்கள் எல்லாம் 1-லிருந்து 3 மி.மீ. வரை தகட்டில், சாதாரணப் பிரஸ் பிரேக்கில் செய்து பார்த்தவை. பேனல் பெண்டர் என்ற தானியங்கி மெஷினில் மடிக்கும் இடத்தில் பஞ்ச், காது பற்றிச் சொன்னது பொருந்தாது, அதில் நான் வேலை செய்ததில்லை.

கையிலிருக்கும் பத்துப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 301.7 அளவு உங்கள் வேலைக்குத் தொந்தரவில்லை என்றால் காப்பாற்றலாம். மூலையின் உள்பக்கம் ஒரு செப்புப் பட்டையை இறுக்கமாக வைத்துப் பிடித்துக்கொண்டு, 1.6 மி.மீ. கம்பி கொடுத்து வெளியிலிருந்து ஆர்கான் வைக்கச் சொல்லுங்கள். செப்பில் இரும்பு ஒட்டாது, சூட்டையும் அது உறிஞ்சிக்கொள்ளும், 1 மி.மீ. பிளவு நிறைந்துவிடும். ஒரே இழுப்பில் மேலிருந்து கீழே போகாமல் நாலு மூலையையும் மாற்றி மாற்றி, 20 மி.மீ., 20 மி.மீ. ஆக வைக்கட்டும். வெல்டிங்குக்கு முன் லிப் முனைகளை அரத்தால் ராவி 2 மி.மீ. விலக்கிவிடுங்கள்; முட்டிக்கொண்டிருக்கும் லிப்போடு சூடேற்றினால் சுவர் நடுவில் வயிறு தள்ளும்.